இருபது நிமிஷத்து அக்கா

சவுத் ஷீல்ட்ஸ்
9 ஜனவரி 2018

நார்மன்,

உன் தொப்பி இங்கேதான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவு நீ கதவைச் சாத்திய வேகத்தில் அது ஆணியிலிருந்து விழுந்து, இப்போது பூனை அதில் படுத்திருக்கிறது. தொப்பி இல்லாமல் ஸ்காட்லாந்தின் அந்தக் கோடி வரைக்கும் ரயிலில் போயிருக்கிறாய். காது உறைந்திருக்கும். எப்படியும் கேட்காத காதுதானே, போனால் போகட்டும் என்று விட்டுவிட்டாயா?

போனில் திட்டலாம் என்றுதான் நினைத்தேன். கப்பல் எஞ்சின் அறையில் முப்பது வருஷம் நின்றவனிடம் போனில் கத்தினால் என் தொண்டைக்குத்தான் நஷ்டம். எழுதினால் நீ "என்ன? என்ன?" என்று தப்பிக்க முடியாது. இனி எல்லாம் கடிதத்தில்தான்.

நான் உன்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. பெண்களுக்கு அறுபது என்றிருந்த பென்ஷன் வயதைத் தள்ளிவைத்ததைக் கேள்வி கேட்டு, மார்ச் முதல் சனிக்கிழமை எங்கள் பெண்கள் குழு சந்தைத் திடலில் நிற்கப்போகிறது. நீ வந்து என் பக்கத்தில் நிற்க வேண்டும். அவ்வளவுதான். எங்கள் குழு தோளில் போடும் அந்த ஊதாப் பட்டையை நீ போட்டுக்கொள்ள வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை.

அதற்கு நீ, பிறந்தநாள் கேக் முன்னால் உட்கார்ந்துகொண்டு, என் தோழி க்ளெனிஸையும் என் மகனையும் மருமகளையும் வைத்துக்கொண்டு என்ன சொன்னாய்? "சமம் வேணும் சமம் வேணும்னு கத்தினீங்க. இப்ப ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒரே வயசுன்னு கொடுத்தா எதுக்கு அழறீங்க?" என்றாய். அது போகட்டும், அது வாதம். அடுத்ததாக, "தேதியக்கூட பார்க்காம வேலைக்கு நோட்டீஸ் கொடுத்த முட்டாளுக்கு சர்க்கார் என்ன பண்ணும்?" என்றாய். அது வாதம் இல்லை. அது குத்து.

அறுபது வயதில் பென்ஷன் என்று பதினைந்து வயதில் வேலைக்குப் போன நாளிலிருந்து எனக்குச் சொன்னார்கள். நம்பினேன். அறுபது முடியும் நாளில் வேலையை விடுகிறேன் என்று நோட்டீஸ் கொடுத்தேன். பிரிவு விருந்து வைத்து, சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். அதற்குப் பிறகுதான் "உங்களுக்கு இன்னும் வயதாகவில்லை அம்மா" என்றது பென்ஷன் ஆபீஸ். திரும்பிப் போய்க் கெஞ்சினேன். பள்ளிக்கூடச் சமையலறையில் என் தலைமைச் சமையல்காரி இடத்தில் வேறு ஆள் வந்தாகிவிட்டது. பாத்திரம் தேய்க்கும் தொட்டிதான் மிச்சம் இருந்தது. நாலு வருஷமாக அங்கேதான் நிற்கிறேன். கடிகாரத்தைத் திருப்பிக் கேட்கவில்லை, அதுவரைக்கும் நல்லவர்கள்.

மன்னிப்புக் கேட்டு எழுது. தொப்பியை அனுப்புகிறேன்.

உன் அக்கா (இருபது நிமிஷம் என்றாலும் அக்கா அக்காதான்),
ஹேஸல்

●

மாலெய்க்
17 ஜனவரி 2018

ஹேஸல்,

தொப்பியைப் பூனையே வைத்துக்கொள்ளட்டும்.

குத்தியது தப்பு என்று வேண்டுமானால் ஒப்புக்கொள்கிறேன். விஷயம் தப்பில்லை. எங்கள் படகுத்துறையில் எல்லா ஆண்களும் அறுபத்தைந்து வரைக்கும் கயிறு இழுத்தார்கள். அதற்கு முன்னால் பாதிப் பேர் செத்தும் போனார்கள். "பொம்பளைங்களுக்கு மட்டும் அறுபதாமே, அது நியாயமா?" என்று ஒருவனும் தெருவில் போய் நிற்கவில்லை. நீயும் நானும் ஒரே வயிற்றில் கிடந்தோம். நீ அறுபதில் போகலாம், நான் அறுபத்தைந்து வரைக்கும் மழையில் நிற்க வேண்டும். இதை யாராவது நியாயம் என்று சொன்னால் அவர்களைக் கூட்டி வா, நான் பேசிக்கொள்கிறேன். அரசாங்கம் ஒரு கோட்டை நேராகப் போட்டது. கோணல் கோடு உனக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

அப்புறம், நீ அக்கா என்பதைப் பற்றி. நியாயம் என்று நீ ஆரம்பித்துவிட்டதால் நானும் ஆரம்பிக்கிறேன். எனக்கு ஒரு பிறந்தநாள் உண்டா? அம்மா ஸ்டூல் மேல் ஏறி கிறிஸ்துமஸ் காகிதத் தோரணத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது வலி வந்தது. ஐந்தாம் தேதி முடிவதற்குள் நீ பிறந்தாய். கிறிஸ்துமஸ் முடிந்து பன்னிரண்டாம் இரவு தாண்டித் தோரணம் தொங்கினால் துரதிர்ஷ்டம் என்று பயந்து, மீதியை அப்பா பிய்த்துப் பெட்டியில் போட்டார். அதற்கப்புறம் நான் பிறந்தேன், ஆறாம் தேதி, மொட்டைச் சுவருக்கு நடுவில். அன்றிலிருந்து கேக் ஐந்தாம் தேதிதான். உன் கேக்கின் அந்தப் பக்கம் என் பக்கம். மறுநாள் என் பிறந்தநாள் அன்று நான் தின்பது பழைய கேக்.

அதற்காக நான் எப்போதாவது தெருவில் நின்று கோஷ அட்டை பிடித்தேனா?

நார்மன்

●

சவுத் ஷீல்ட்ஸ்
29 ஜனவரி 2018

அட்டை பிடிக்காத என் அருமைத் தம்பிக்கு,

உன் கடிதத்தை க்ளெனிஸுக்குப் படித்துக் காட்டினேன். பழைய கேக் வந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரித்துத்தான்.

நேர்க் கோடு வேண்டாம் என்று நான் எப்போது சொன்னேன்? ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வயது என்றால் சரி என்று எங்கள் குழுவிலேயே பாதிப் பேர் சொல்வார்கள். அப்படியானால் கோட்டை முதலிலிருந்து நேராகப் போடு என்கிறேன். எனக்கு இருபது வயதில், எனக்கு அடுத்த அடுப்பில் நின்றவனுக்கு என்னைவிடக் கூடுதல் சம்பளம். "அவனுக்குக் குடும்பம் இருக்குல்ல" என்றார்கள். எனக்கு மட்டும் என்ன, குருவிக்கூடா இருந்தது? கோடு அப்போது கோணல். அரைநாள் வேலைக்காரிகளுக்குப் பென்ஷன் திட்டத்தில் இடமில்லை என்றார்கள். அப்போதும் கோணல். அம்மா படுக்கையில் விழுந்தபோது மூன்று வருஷம் யார் அரைநாள் வேலைக்கு மாறினது? நீ கப்பலில் இருந்தாய், உன்மேல் குற்றம் சொல்லவில்லை. யாரும் உன்னைக் கேட்கக்கூட இல்லை என்றுதான் சொல்கிறேன். எல்லாம் கோணலாகவே வந்து, கடைசியில் எனக்கு ஒரே ஒரு சலுகை இருந்த இடத்தில் வந்ததும் எல்லோருக்கும் அடிக்கோல் கிடைத்துவிட்டது.

இன்னொன்று. சட்டத்தைத் தொண்ணூற்றைந்திலேயே போட்டார்களாம். பிறகு இரண்டாயிரத்துப் பதினொன்றில் இன்னும் வேகமாகத் தள்ளினார்களாம். யார் என்னிடம் சொன்னார்கள்? கடிதம் போட்டோம் என்கிறார்கள். என் வீட்டுக்காரர் ஆர்தர் இறந்துபோன பிறகு நான் காலி செய்த வீட்டுக்குப் போட்டிருக்கிறார்கள். பால்காரன் புது வீட்டை முதல் நாளே கண்டுபிடித்தான். அரசாங்கத்தால் முடியவில்லை.

திருட்டுத்தனமாகப் பள்ளிக்கூடத்து மணியைத் தள்ளிவைத்துவிட்டு, "ஏன் இன்னும் வீட்டுக்குப் போகலே?" என்று பிள்ளைகளைக் கேட்பது போல இருக்கிறது. நீ அதற்குப் பிள்ளைகளை முட்டாள் என்கிறாய்.

என் மணிக்கட்டு இரண்டும் வீங்கியிருக்கிறது. கஸ்டர்ட் சட்டி இரண்டு ஆள் தூக்கும் கனம். அதை நான் இரக்கத்துக்காக எழுதவில்லை, கையெழுத்து ஏன் கோணல் என்று நீ கேட்பாய் என்பதற்காக எழுதுகிறேன்.

மார்ச் முதல் சனி. வருவாயா?

ஹேஸல்

●

மாலெய்க்
12 பிப்ரவரி 2018

ஹேஸல்,

வரமாட்டேன். சமம் என்றால் சமம்.

இத்துடன் புகைபோட்ட ஹெரிங் மீன் ஒரு பெட்டி. கொள்கைக்கும் மீனுக்கும் சம்பந்தமில்லை. மணிக்கட்டுக்குச் சூடான உப்புத்தண்ணீர். எஞ்சின் அறையில் நாங்கள் அதைத்தான் செய்வோம்.

பால்காரன் விஷயம் சரிதான்.

நார்மன்

●

சவுத் ஷீல்ட்ஸ்
11 மார்ச் 2018

நார்மன்,

மீனுக்கு நன்றி. வீடு இன்னும் மணக்கிறது. பூனை உன் கட்சிக்கு மாறிவிட்டது.

மூன்றாம் தேதி சனிக்கிழமை பனி கொட்டியதே, உங்கள் பக்கமும் கொட்டியிருக்கும். நாங்கள் நின்றோம். ஊதாப் பட்டை வெள்ளையாகிவிட்டது. க்ளெனிஸின் அட்டையில் மை கரைந்து, என்ன எழுதியிருந்தது என்று அவளுக்கே நினைவில்லை. ஒரு இளம் போலீஸ்காரர் வந்து, "அம்மா, நீங்க எல்லாம் வீட்டுக்குப் போங்க, விழுந்துடுவீங்க" என்றார். க்ளெனிஸ் விடுவாளா? "வீட்டுக்குப் போற வயசு வரலைன்னு உங்க அரசாங்கம்தான் தம்பி சொல்லுது" என்றாள். பையன் காது சிவந்துபோய், எங்கள் எல்லோருக்கும் டீ வாங்கிக்கொண்டு வந்தான்.

சிரித்துக்கொண்டே நின்றோம். ஆனால் பக்கத்தில் ஒரு இடம் விட்டுத்தான் நின்றேன். அது யாருக்கு என்று க்ளெனிஸ் இரண்டு தடவை கேட்டாள். "என் தம்பி, ரயில் லேட்" என்று சொல்லிவைத்தேன். பொய்தான். உன்மேல் எனக்குக் கோபம் குறையவில்லை என்பதை இங்கே தெளிவாக எழுதிவைக்கிறேன்.

ஹேஸல்

●

மாலெய்க்
14 நவம்பர் 2018

ஹேஸல்,

கோடை முழுக்க எழுதவில்லை. சுற்றுலாக் கூட்டம். தீவுக்குப் போகிறவன் ஒவ்வொருவனுக்கும் ஒரு நாய், நாய் ஒவ்வொன்றும் என் கயிற்றைக் கடிக்கிறது.

உன் பென்ஷன் 2019 மார்ச் ஆறாம் தேதி என்று அச்சடித்துக் கடிதம் வந்ததாக உன் மகன் எனக்குக் கிறுக்கி அனுப்பியிருந்தான். நல்லது. இந்தத் தடவை சரியான வீட்டுக்கு வந்ததே.

என் சேதியைக் கேள். நானும் அதே நாளுக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டேன். எனக்கும் உனக்கும் இப்போது ஒரே சட்டம், ஒரே வயது. ஆக ஒரே தேதி. துறைத் தலைவர் மக்கின்னன் என் இடத்துக்கு ஆளும் எடுத்துவிட்டார். உன்னைப் போலக் குருட்டாம்போக்கில் இல்லை, நாலு மாசம் முன்னதாகவே கணக்குப் போட்டு வைத்தவன் நான். ஒரு மனுஷன் ஓய்வு பெறுவது எப்படி என்று பார்த்துக் கற்றுக்கொள்.

ஜனவரியில் கேக்குக்கு வர முடியாது. படகுக்கு ஆள் போதவில்லை. என் பாதியை நீயே சாப்பிடு.

நார்மன்

●

சவுத் ஷீல்ட்ஸ்
23 நவம்பர் 2018

கற்றுக்கொடுக்கும் தம்பிக்கு,

வாழ்த்துகள். நிஜமாகவே சந்தோஷம். பிறந்ததுதான் ஒன்றாக முடியவில்லை, வேலையிலிருந்தாவது ஒன்றாக வெளியே வருவோம்.

குருட்டாம்போக்கு என்று எழுதியிருப்பதை அடித்துவிட்டுப் படித்தேன். உனக்கு பென்ஷன் ஆபீஸிலிருந்து கடிதம் வந்ததும் தேதியைப் பார்த்துக்கொள். அக்கா சொன்னாளே என்றாவது பார்.

ஹேஸல்

●

மாலெய்க்
19 பிப்ரவரி 2019

அன்புள்ள ஹேஸல்,

நலம். நீயும் நலம் என்று நினைக்கிறேன். மணிக்கட்டு எப்படி இருக்கிறது? இங்கே காற்று மேற்கிலிருந்து. இரண்டு நாள் படகு போகவில்லை. கடல் நாய் ஒன்று படகுத்துறைக்கு வந்து படுத்திருக்கிறது, எல்லோரும் போய்ப் பார்க்கிறார்கள். பெரிய கடல் நாய்.

போன வெள்ளி எனக்கு முன்கூட்டியே பிரிவு விருந்து வைத்தார்கள். பித்தளையில் காற்றழுத்தமானி ஒன்று கொடுத்தார்கள். சுவரில் மாட்டினேன். புயல் என்று காட்டியது. நான் நம்பவில்லை.

க்ளெனிஸ் நலமா?

பென்ஷன் ஆபீஸ் கடிதம் ஒன்று ஜனவரியிலேயே வந்திருந்தது. தெரிந்த சேதிதானே என்று பிரிக்காமல் கெட்டிலுக்குப் பின்னால் செருகி வைத்திருந்தேன். நேற்று டீ போடும்போது கண்ணில் பட்டது, பிரித்தேன்.

ஹேஸல், பட்டியல் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ஜனவரி ஐந்து வரைக்கும் பிறந்தவர்களுக்கு மார்ச் ஆறு. ஜனவரி ஆறிலிருந்து பிறந்தவர்களுக்கு மே ஆறு. உலகத்தில் கோடு போட எவ்வளவோ இடம் இருக்கிறது. கொண்டுவந்து போட்டது உனக்கும் எனக்கும் நடுவில்.

இருபது நிமிஷம்! இருபது நிமிஷத்துக்கு இரண்டு மாசமா? அம்மா இன்னும் கொஞ்சம் முக்கியிருந்தால் முடிந்திருக்கும். இது என்ன நியாயம்? யார் இப்படிக் கணக்குப் போடுவது? முன்னாடியே ஒருத்தனாவது வீட்டுக்கு வந்து சொல்ல வேண்டாமா?

மேலே உள்ள பத்தியை எழுதிவிட்டு ஒரு தடவை படித்துப் பார்த்தேன். அடிக்கலாம் என்று பேனாவை எடுத்தேன். அப்புறம் விட்டுவிட்டேன். நீ பார்க்க வேண்டியதுதான்.

மக்கின்னனிடம் போய் இன்னும் இரண்டு மாசம் இருந்துகொள்கிறேன் என்றேன். "காற்றழுத்தமானிய வாங்கிட்டு இப்ப வர்றியே நார்மன்" என்று சிரித்தார். என் கயிற்றை வேறொருவன் பிடித்துக்கொண்டு நின்றான். திரும்பி வந்துவிட்டேன். சேமிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை, அது உனக்குத் தெரியும். வாடகை இருக்கிறது.

சிரிப்பதானால் சிரித்துக்கொள். ஊருக்குத்தான் உபதேசம்.

உன் தம்பி,
நார்மன்

●

சவுத் ஷீல்ட்ஸ்
25 பிப்ரவரி 2019

என் நார்மன்,

இந்தக் கடிதம் தாமதமாக வருவதற்குக் காரணம், எழுத உட்காரும்போதெல்லாம் சிரிப்பு வந்தது. முதல் நாள் நான் தனியாகச் சிரித்தேன். இரண்டாம் நாள் க்ளெனிஸ் வந்து சேர்ந்துகொண்டாள். கடல் நாய் என்று யாராவது சொன்னாலே போதும், இருவரும் மேஜையைப் பிடித்துக்கொள்கிறோம். "பெரிய கடல் நாய்" என்று வேறு எழுதியிருக்கிறாய்.

மூன்றாம் நாள் சிரிப்பு நின்றது. மக்கின்னன் முன்னால் நீ நின்றதை நினைத்தேன். எனக்கு அது நன்றாகத் தெரியும். உன் பொருள் இன்னொருவர் கையில் இருக்கும், அதைப் பார்க்காதது போலப் பார்க்க வேண்டும். என் கரண்டி அப்படித்தான் இருந்தது. அதை உனக்கு நான் எந்த நாளும் ஆசைப்பட்டிருக்க மாட்டேன்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். தெரிந்துவிட்டது, போதும். இனி அதைப் பற்றி நான் பேசமாட்டேன். (க்ளெனிஸ் பேசுவாள். அவளுக்கு நான் பொறுப்பில்லை.)

இப்போது நான் சொல்வதைக் கேள். வீட்டுக்காரரிடம் பேசி அறையை இரண்டு மாசத்துக்கு வேறு யாருக்காவது விடு. மார்ச் ஏழாம் தேதி காலை ரயில் ஏறு. பின்பக்கத்து அறை காலியாக இருக்கிறது. அப்போது நான் பென்ஷன்காரி, நீ இன்னும் வயதுக்கு வராத பையன். மூத்தவள் சாப்பாடு போடுவாள். உருளைக்கிழங்கு உரிப்பது நீ. என் மணிக்கட்டுக்கு அது ஆகாது.

ஐந்தாம் தேதி எனக்குக் கடைசி நாள். பார்த்தாயா, அது நாற்பது நாள் நோன்புக்கு முந்தின நாள், அப்பம் சுடும் செவ்வாய். பள்ளிக்கூடம் முழுக்க அப்பம், அத்தனை வாணலியும் என் தொட்டியில் வந்து விழும். ஐம்பது வருஷ வேலைக்கு இதைவிட நல்ல வழியனுப்பு கிடையாது. இந்தத் தடவை கடிகாரம் இல்லையாம். ஒருத்திக்கு ஒரு கடிகாரம்தான்.

உன்னிடம் எதையும் பதிலுக்குக் கேட்கவில்லை. பட்டை போட்டுக்கொள், அட்டை பிடி என்று சொல்லமாட்டேன். வந்து சாப்பிட்டால் போதும்.

தொப்பியைத் துவைத்து வைத்திருக்கிறேன்.

ஹேஸல்

●

மாலெய்க்
10 ஜூன் 2019

ஹேஸல்,

வந்து சேர்ந்து ஒரு மாசமாகியும் எழுதவில்லை. பென்ஷன் மே ஆறாம் தேதி ஆரம்பித்தது, அன்றைக்குப் பார்த்து வங்கி விடுமுறை. பழகிவிட்டேன்.

உன் சமையலில் பெருத்துவிட்டேன். இங்கே யாரும் நம்பவில்லை. உருளைக்கிழங்கு உரிப்பதில் என்னை வெல்ல இந்தக் கடற்கரையில் ஆள் இல்லை. உங்கள் குழுவின் புதன்கிழமைக் கூட்டங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தபோது காது மெஷினைக் கழற்றி வைத்திருந்தேன் என்று நீ நினைத்தாய். இல்லை. மாட்டியிருந்தேன். எல்லாம் கேட்டேன். வீட்டை விற்றவள் சொன்னது கேட்டது. கணவனுக்குச் சாப்பாடு ஊட்டிவிட்டு இரவில் ஆபீஸ் கூட்டப் போகிறவள் சொன்னதும் கேட்டது. அப்புறம் அவளே ஜோக் அடித்ததும் கேட்டது. அதற்குத்தான் நான் டீத்தட்டுடன் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன்.

ஊதாப் பட்டை ஒன்று காணவில்லை என்று தேடியிருப்பாய். அது என் பையில் இருந்தது. தெரியாமல் வந்தது என்று எழுத நினைத்தேன். எடுத்துக்கொண்டுதான் வந்தேன்.

போன சனிக்கிழமை எல்லா ஊரிலும் உங்கள் ஆட்கள் அவரவர் இடத்தில் நிற்கும் நாள் என்று க்ளெனிஸ் சொல்லியிருந்தாள் அல்லவா? நம் ஊருக்கு வர ரயில் காசு இல்லை. அதனால் இங்கேயே படகுத்துறையில் நின்றேன். தனியாகத்தான். மீன் பெட்டி அட்டையைக் கிழித்து, "இது நியாயம் இல்லை. எனக்குப் புரிய ரெண்டு மாசம் ஆச்சு" என்று எழுதிப் பிடித்துக்கொண்டேன்.

இறால் படகு டூகி முதலில் பார்த்தான். "என்னடா நார்மன், எப்போ பொம்பளையா மாறினே?" என்று துறை முழுக்கக் கேட்கும்படி கத்தினான்.

"மார்ச்சுல மாறினேன், மே மாசம் திரும்பிட்டேன். ரெண்டு மாசமே தாங்கலடா. எங்க அக்கா அஞ்சு வருஷத்துக்கு மேல தாங்கியிருக்கா" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது டிக்கெட் கொடுக்கும் ஷீனா, தெரியுமே, உனக்கு இஞ்சி மிட்டாய் கொடுத்து அனுப்புவாளே, அவள் ஜன்னலைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள். என் பக்கத்தில் வந்து நின்றாள். "எனக்கு அறுபத்திரண்டு. இந்த ஊர்ல நான் ஒருத்திதான் இப்படி மாட்டிக்கிட்டேன்னு நினைச்சேன். வெட்கமா இருந்துச்சு, யார்கிட்டயும் சொல்லல" என்றாள். பட்டையைக் கழற்றி அவளுக்குக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் தபால் ஆபீஸ்காரி வந்தாள். பிறகு டூகியின் மனைவியே வந்து நின்றாள். டூகி இறால் வலையை ரொம்பக் கவனமாகச் சரிபார்க்க ஆரம்பித்துவிட்டான்.

சமம் என்றால் சமம், அதில் நான் இன்னும் மாறவில்லை. இருவருக்கும் ஒரே வயது என்பது சரிதான். ஆனால் ஒருத்தியைப் பாதையெல்லாம் நடக்கவிட்டு, அவள் வாசற்படிக்கு வந்ததும் வீட்டைத் தூக்கித் தள்ளி வைத்தார்கள். "ஏன் நேரத்துக்கு வரலே?" என்று உன்னைக் கேட்டவன் நான். உன் காத்திருப்பு ஐந்து வருஷமும் இரண்டு மாசமும். அந்தக் கடைசி இரண்டு மாசம் எவ்வளவு நீளம் என்று மட்டும் எனக்குத் தெரியும். மற்றதை என்னால் நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை.

அன்றைக்குச் சந்தைத் திடலில் என் இடம் காலியாக இருந்ததே, அதற்கு மன்னித்துக்கொள். ரயில் ரொம்ப லேட்.

நார்மன்

●

சவுத் ஷீல்ட்ஸ்
16 டிசம்பர் 2019

என் தம்பிக்கு,

அக்டோபரில் நீதிமன்றம் எங்களுக்கு எதிராகச் சொன்னதை நீயும் படித்திருப்பாய். அன்று மாலை எல்லோரும் என் வீட்டுக்கு வந்தார்கள். கொஞ்சம் அழுகை, நிறைய கேக். மேல்முறையீடு உண்டு என்கிறாள் க்ளெனிஸ். சந்தைத் திடலில் மறுபடி நிற்கப்போகிறோம். எனக்குப் பென்ஷன் வந்துவிட்டது, இனி எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்றாலும் நிற்பேன். ஷீனாவுக்கு இன்னும் வரவில்லையே.

உன்னுடைய ஜூன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்லமாட்டேன். கெட்டிலுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன், பிரித்துத்தான்.

மணிக்கட்டு இறங்கிவிட்டது. பள்ளிக்கூடம் பக்கம் போனால் கஸ்டர்ட் வாசம் வரும். யாரோ கலக்குகிறார்கள், நான் இல்லை என்று நினைத்தாலே நடை சுறுசுறுப்பாகிறது.

இப்போது ஜனவரி விஷயம். காகிதத் தோரணம் இந்தத் தடவை நானே வெட்டி ஒட்டினேன், பச்சையும் சிவப்பும், நடுவில் ஒரு ஊதா. ஐந்தாம் தேதி இரவு அதைக் கழற்றப் போவதில்லை. க்ளெனிஸ் பதறினாள். "வேண்டாம்டி, துரதிர்ஷ்டம் வந்து சேரும்" என்றாள். "அதுவா? அது ஆறு வருஷம் முன்னாடியே வந்துட்டுப் போயிடுச்சு. மறுபடி வந்தாலும் பென்ஷன் ஆபீஸ் கடிதம் மாதிரி பழைய விலாசத்துக்குத்தான் போகும்" என்று சொல்லிவிட்டேன்.

ஐந்தாம் தேதி கேக் கிடையாது. அன்று எனக்கு ஒரு கப் டீ போதும். கேக் ஆறாம் தேதி சாயங்காலம், தோரணத்துக்குக் கீழே, முழுசாக, புதுசாக, உன் பெயர் மட்டும் எழுதி. அதுவரைக்கும் நான் ஒரு துண்டுகூட வெட்டமாட்டேன்.

நிதானமாக வா. ஒரு நாள்தானே, காத்திருந்து எனக்குப் பழக்கம்.

இருபது நிமிஷத்து அக்கா,
ஹேஸல்